கண்ணால் காண்பதும் பொய்

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். பள்ளி நாள்களில் இதை ஒரு தேர்வுக் கேள்வியாக மட்டுமே நான் அறிந்திருந்தேன். நம் ஆண்டு மலருக்குப் படங்களைத் திருத்தும் பொறுப்பு என் கைக்கு வந்தபோதுதான் அதன் பொருள் உறைத்தது.

அந்த ஆண்டு பொங்கல் விழாவில் எடுத்த படம் ஒன்றை நடுப்பக்கத்தில் போட முடிவு செய்தோம். நள்ளிரவில், விடுதி அறையின் விளக்கை அணைத்துவிட்டு, மடிக்கணினியின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வைத்துக்கொண்டு அதைத் திருத்தினேன். திரையில் அழகாகத்தான் இருந்தது. மலர் அச்சாகி வந்தபோது அடர்நீலச் சேலை ஊதாவாக மாறியிருந்தது. கோலத்தின் அருகில் நின்ற கறுத்த நிறத் தோழியின் முகத்தில் கண்ணும் பல்லும் தவிர வேறொன்றும் தெரியவில்லை. "இந்தப் படத்துல நீ எங்கம்மா இருக்கேன்னு அம்மா கேட்டாங்க" என்று அவர் சிரித்தபடிதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வழக்கம்போல் அச்சகத்தின் மீது பழி போட்டோம். அச்சகத்து அண்ணன் கோபப்படவில்லை. "தம்பி, நீங்க கொடுத்த கோப்பே இப்படித்தான் இருந்துச்சு" என்று தம் திரையில் திறந்து காட்டினார். அங்கும் அந்த முகம் இருட்டாகவே இருந்தது. தவறு என் திரையில்தான். அது அளவுக்கு மீறி ஒளிர்ந்ததால், இருண்ட படம் எனக்கு வெளிச்சமாகத் தெரிந்திருக்கிறது.

நண்பர்களே, கணினிக்கு நிறம் தெரியாது, எண்தான் தெரியும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். அதே எண்களை இரண்டு திரைகளுக்கு அனுப்பினால் இரண்டு விதமான நிறம் தெரியும். எந்த எண் எந்த நிறத்தைக் குறிக்கிறது என்று சொல்லும் அகராதிதான் கலர் புரொஃபைல். 1993-இல் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஐசிசி என்ற அமைப்பைத் தொடங்கி, இந்த அகராதிகளுக்குப் பொது வடிவம் தந்தன. 1996-இல் மைக்ரோசாஃப்டும் ஹியூலட் பேக்கர்டும் எஸ்ஆர்ஜிபி என்ற பொது அளவை முன்வைத்தன. 1998-இல் வந்த அடோபி ஆர்ஜிபி அதைவிட அதிக நிறங்களைக் கொள்ளும். ஆனால் அதில் சேமித்த படத்தை எஸ்ஆர்ஜிபி என்று எண்ணித் திறந்தால் வெளிறிப்போய்த் தெரியும். அச்சுக்கோ நான்கு மைகள். திரை காட்டும் சில அடர்நீலங்களை அந்த மைகளால் எட்ட முடியாது. அவை ஊதாப் பக்கம் சாய்ந்துவிடும். என் சேலைக் கதை அதுதான்.

அடுத்த ஆண்டுக் குழு கண்ட தீர்வு என்ன தெரியுமா? எல்லா முகங்களையும் வெளுப்பாக்கிவிட்டார்கள்! இதைத்தான் நான் வன்மையாக மறுக்கிறேன். இருட்டடித்தது ஒரு பொய் என்றால் வெள்ளையடித்தது இன்னொரு பொய். "பெண் சிவப்பா?" என்று இன்றும் கேட்கும் சமுதாயம் நம்முடையது. அந்தக் கேள்விக்கு நம் மலரும் தலையாட்ட வேண்டுமா?

படச்சுருள் காலத்தில் கோடாக் நிறுவனம் படக்கூடங்களுக்கு ஷெர்லி அட்டை என்ற ஒன்றை அனுப்பியது. அதிலிருந்த வெள்ளைக்காரப் பெண்ணின் முகத்தை வைத்தே நிறத்தைச் சரிபார்த்தார்கள். பல இனப் பெண்கள் இடம்பெற்ற அட்டை 1990-களில்தான் வந்தது. அளவுகோலில் இடமில்லாதவருக்குப் படத்திலும் சரியான இடம் கிடைக்கவில்லை. இன்று அளவுகோல் நம் மேசையிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விட்டால் யாரைக் குறை சொல்வது?

"மாணவர் மலருக்கு இவ்வளவு தேவையா? வாசகர்களின் கைப்பேசித் திரை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம்தானே?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வாசகர் திரைகள் சற்று இப்படியும் சற்று அப்படியும் விலகும் என்பதால்தான் மூலப்படம் நடுவில் சரியாக நிற்க வேண்டும். மூலமே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்தப் பிழையும் விலகலோடு சேர்ந்துகொள்ளும். மேலும், அச்சான பக்கத்தை யாரும் பிறகு திருத்த முடியாது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. திரையில் வைத்து நிறத்தை அளக்கும் சிறு கருவி ஒன்றைப் பேரவை வாங்கட்டும். சில நூறு வெள்ளி ஆகலாம். மற்ற கழகங்களோடு பகிர்ந்துகொண்டால் சுமை குறையும். அதுவரை, இரவு நேர மஞ்சள் ஒளி அமைப்பை அணைத்துவிட்டு, வெளிச்சத்தைக் குறைத்து, விளக்கு எரியும் அறையில் வேலை செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தை ஏற்காமல் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். புரொஃபைலைப் படத்தோடு சேர்த்தே சேமியுங்கள். ஃபோட்டோஷாப்பில் புரொஃபைலை வெறுமனே ஒட்டுவது வேறு, நிறம் மாறாமல் எண்களை மாற்றுவது வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அச்சகத்தின் புரொஃபைலை முன்கூட்டியே கேளுங்கள். மாதிரிப் பக்கம் ஒன்றை அச்சிட்டுப் பாருங்கள்.

நம் கண் எந்த வெளிச்சத்துக்கும் சீக்கிரம் பழகிவிடும். அதனால்தான் கண்ணை மட்டும் நம்பாமல் அளந்து பார்க்கச் சொல்கிறேன். தீர விசாரிப்பது என்பது இங்கே அதுதான்.

என் தோழியின் வீட்டு அலமாரியில் அந்த மலர் இன்னும் இருக்கிறது. அவருக்கு நான் ஒரு முகம் கடன்பட்டிருக்கிறேன். அடுத்த மலரைத் தயாரிக்கப்போகும் தம்பி தங்கைகளே, அந்தக் கடன் உங்கள் கணக்கிலும் ஏற வேண்டாம். நம் பிள்ளைகள் எந்த நிறமோ அந்த நிறத்திலேயே நம் பக்கங்களில் நிற்கட்டும்.