மூக்குதான் காவல்காரனா?

குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. ஆனால், குடிக்கக் கூடாது, சமைக்கக் கூடாது, குளிக்கவும் கூடாது!

2014 ஜனவரி 9-ந் தேதி இப்படி ஓர் உத்தரவு வந்தது. அமெரிக்காவில், மேற்கு வர்ஜீனியா மாநிலத் தலைநகரான சார்லஸ்டனிலும் சுற்றுப்புறத்திலும் 3 லட்சம் மக்கள் தவித்தார்கள்.

காரணம் என்ன?

எல்க் ஆற்றங்கரையில் ஒரு கம்பெனியின் தொட்டி இருந்தது. அதில் இருந்தது, நிலக்கரி கழுவும் ரசாயனம். தொட்டி ஓட்டையாகி, ரசாயனம் ஆற்றில் கலந்தது. அங்கிருந்து ஒன்றரை மைல் தூரத்தில்தான் குடிநீர் எடுக்கும் நிலையம்!

காற்றில் அதிமதுர வாசனை வீசியது. மக்கள் புகார் செய்தார்கள். அதன் பிறகே அதிகாரிகள் போய்ப் பார்த்தார்கள்.

அந்தத் தொட்டியைத் தவறாமல் சோதிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. அந்த ரசாயனம் உடலுக்கு என்ன கெடுதல் செய்யும் என்பதும் சரிவர ஆராயப்படவில்லை. 1976-ம் ஆண்டுச் சட்டம், அப்போது புழக்கத்தில் இருந்த சுமார் 62 ஆயிரம் ரசாயனங்களைச் சோதனை இன்றியே விட்டுவிட்டது.

விபத்துக்குப் பின் மாநில அரசு புதுச் சட்டம் செய்தது. மறு ஆண்டே பல தொட்டிகளுக்கு விலக்கு அளித்தது!

வாசனை இல்லாத நஞ்சு கலந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆற்றங்கரைத் தொட்டிகளை, ஒழுகும் முன்பே சோதிக்க வேண்டும். அது அரசாங்கத்தின் கடமை. அந்த வேலையை மக்களின் மூக்குக்கு விட்டுவிடக் கூடாது.