வயது கேட்கும் துறைமுகம்

உப்புவெளியில், நிலாவெளி வீதியை ஒட்டி, என் பழைய மாணாக்கர் ஒருவர் நடத்தும் மோட்டார்க் கராஜ் உளது. சென்ற வாரம் என் காரின் பிரேக்கைப் பார்க்கச் சொல்லி அங்கே சென்றிருந்தேன். சுவரில், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், புதிதாக ஒரு படம் ஏறியிருந்தது: 1999 இல் வெளிவந்த நிசான் ஸ்கைலைன் ஜி.ரி.ஆர். கார்.

“என்ன தம்பி, இதுக்கும் கற்பூரம் கொளுத்துவீரோ?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “மாஸ்டர், அமெரிக்காவிலை இருபத்தைஞ்சு வயசு ஆனாத்தான் இதை உள்ளை விடுவாங்கள். இஞ்சை மூண்டு வயசு தாண்டினா விடமாட்டாங்கள். ஆற்றை சட்டம் சரி?”

விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். ஆயினும் வீடு திரும்பிய பின்னரும் அது என்னை விடவில்லை.

அமெரிக்கச் சட்டம் 1988 ஆம் ஆண்டுக்குரியது. முகவர்களைத் தவிர்த்துத் தனியார் நேரே ஐரோப்பியக் கார்களைத் தருவித்த வணிகம் அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் பெருகியிருந்தது. அதைக் கட்டுப்படுத்த எழுந்ததே அச்சட்டம். அந்நாட்டின் பாதுகாப்பு விதிகளுக்கு அமையாத கார், செய்யப்பட்டு இருபத்தைந்து ஆண்டு கழிந்தால் மட்டும் விலக்குப் பெறும். கனடாவில் இவ்வெல்லை பதினைந்து ஆண்டு. சுவரில் இருந்த அந்த ஸ்கைலைனுக்கு அமெரிக்க வாயில் திறந்தது 2024 இலேதான். அதற்காகக் காத்திருந்தவர்கள் பலர். யப்பானிய நிறுவனங்கள் 1989 முதல் 2004 வரை, தம் கார்களின் வலுவை 280 குதிரைவலுவுக்கு மேல் விளம்பரப்படுத்துவதில்லை என்று தமக்குள் ஓர் உடன்பாடு கொண்டிருந்தன. எண் அடக்கமாக இருந்தது. எஞ்சின்கள் அவ்வாறு இருக்கவில்லை. அக்காலக் கார்களின் மேல் இளைஞர்களுக்கு உள்ள மயக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

நம் நாட்டு விதியோ நேர் எதிரானது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தபோது, பாவித்த கார்களுக்கு மூன்று ஆண்டு என்ற எல்லையும் உடன் வந்தது. இந்தியாவும் பாவித்த கார்களுக்கு நெடுங்காலம் மூன்று ஆண்டு என்றே எல்லை வைத்திருந்தது. இதனுடன், எஞ்சினின் கொள்ளளவு ஏற ஏற வரியும் ஏறும். 660 கன சென்ரிமீற்றருக்கு உட்பட்ட சிறு கார்கள் நம் வீதிகளில் மலிந்திருப்பதும், ஸ்கைலைனின் 2,568 கன சென்ரிமீற்றர் எஞ்சின் சுவரிலேயே நின்றுவிட்டதும் இதனாலேதான்.

இவ்வெல்லையை நான் குறைகூற வரவில்லை. டொலர் அரிதான நாடு, பிறர் கழித்த இரும்பை விலை கொடுத்து வாங்கலாகாது. கடன் சுமை இறங்காத காலத்தில் இளைஞரின் ஓட்ட ஆசைக்காகச் செலாவணியை இறைப்பதும் தகாது. இதை அவரிடம் நேரே சொன்னேன். முகம் சற்றே வாடிற்று. என் வினா வேறு. துறைமுகத்தில் இவ்வளவு கண்டிப்பாக வயது கேட்கும் நாம், வண்டி உள்ளே வந்தபின் அதனிடம் என்ன கேட்கிறோம்?

கராஜில் என் காருக்கு முன்னர் வேறொரு கார் ஏற்றிவைக்கப்பட்டிருந்தது. குச்சவெளிப் பக்கத்துப் பாடசாலைக்கு நாள்தோறும் சென்று வரும் நான்கு ஆசிரியைகள் பங்கிட்டுப் பெற்றோல் போடும் கார் அது. நெடுங்காலத்துக்கு முன் யப்பானிலிருந்து வந்தது. முன் சில்லைக் கையால் பிடித்து அசைத்துக் காட்டினார் அவர். ஸ்டியரிங் மூட்டு தேய்ந்து சில்லு ஆடிற்று. பிரேக் குழாயில் வெடிப்பு. ஆயினும் முன்கண்ணாடியில் அவ்வாண்டின் வரிப் பத்திரம் ஒட்டியிருந்தது. அதற்கு வேண்டிய புகைச் சான்றிதழும் முறைப்படி பெறப்பட்டிருந்தது. 2008 முதல் ஆண்டுதோறும் புகையைச் சோதிக்கிறோம். பேருந்து, லொறி முதலியவற்றுக்குத் தகுதிச் சான்றிதழும் உண்டு. தனியார் காரின் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பார் எவருமிலர். புகை நல்லதாயின், சில்லு கழன்றாலும் சட்டத்துக்குக் கவலையில்லை.

யப்பானில் முறை மறுதலை. அங்கே தனியார் கார் புதிதாய் மூன்று ஆண்டு ஓடலாம். அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ‘சாக்கென்’ எனும் சோதனையில் தேறியாகவேண்டும். பிரேக், விளக்கு, ஸ்டியரிங், அடிச்சட்டம் யாவும் பார்ப்பர். பதின்மூன்று ஆண்டு தாண்டிய பெற்றோல் காருக்கு வரியும் கூடும். முதுமையைத் தடை செய்வதில்லை. முதுமைக்குக் கணக்குக் கேட்கிறார்கள். அச்செலவுக்கு அஞ்சிப் பலர் நல்ல நிலையிலேயே காரை விற்றுவிடுவதனால்தான் நமக்கு அவை மலிவாகக் கிடைத்தன. அந்தச் சோதனையின் பயனை வாங்கிக்கொண்டு சோதனையை அங்கேயே விட்டு வந்திருக்கிறோம்.

வயது வேறு, நிலை வேறு என்பது நம்மவர்க்குத் தெரியாததன்று. 1990களில் பொருளாதாரத் தடை நிலவியபோது யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றை ஓடவைத்த கைகளின் திறமை இன்றைய கராஜ்களிலும் மறையவில்லை. ஆனால் திறமை ஒன்றே போதுமென்று ஒரு நாடு இருந்துவிடலாமா? இறக்குமதி நின்ற ஐந்தாண்டில் வீதியில் இருந்த ஒவ்வொரு காருக்கும் ஐந்து வயது கூடிற்று. பழையதை உள்ளே விடாத விதியும் புதியதையே விடாத தடையும் சேர்ந்து, முதிய கார்களையே நமக்கு விட்டுவைத்தன. திறந்த பின்னரும், வரியோடு வரும் விலை ஓர் ஆசிரியையின் சம்பளத்துக்கு எட்டாது. அவர் பழையதையே ஓட்டுவார், வேறு வழியில்லை.

எனவே, பத்து ஆண்டு தாண்டிய தனியார் காருக்கேனும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக், ஸ்டியரிங், சில்லு மூன்றையும் பார்க்கும் சோதனை வேண்டும் என்பேன். அது மாவட்டந்தோறும் அமைய வேண்டும். திருகோணமலையார் கொழும்புக்கு அலையும்படி ஆகலாகாது. தேய்ந்த உறுப்பை மாற்று என்று கட்டளையிடும் அரசு, அவ்வுறுப்பின் மீதான வரியைத் தளர்த்துவதும் முறை. இல்லையேல் சோதனை ஏழைக்கு மற்றொரு தண்டமாகிவிடும். கையூட்டுக்கு மற்றொரு வாயிலும் திறக்கும்.

இடையே ஒன்று. 1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மேல் குண்டு பொழிந்தன. அந்தப் போரில் மாண்டோர் துயிலும் கல்லறை இதே உப்புவெளியில்தான், இதே வீதியோரம் உளது. இன்று அந்நாட்டுக் கார்கள் அம்பாந்தோட்டையிலும் கொழும்பிலும் இறங்குகின்றன. உலகம் புகழும் எங்கள் இயற்கைத் துறைமுகம் அவற்றைக் காண்பதில்லை. தேய்ந்த மூட்டுக்கு மாற்று மூட்டும் கொழும்பிலிருந்தே வரவேண்டும்.

மாலையில் ஆசிரியைகள் இருவர் வந்தனர். குழாயை மாற்றியாயிற்று, மூட்டு வர நான்கு நாளாகும், அதுவரை காரை எடுக்கவேண்டாம் என்றார் கராஜ்காரர்.

“நாளைக்குப் பிள்ளையளுக்குச் சோதினை, தம்பி. மெல்லமாய் ஓட்டுறம்,” என்று கூறி, மூத்தவர் சாவியை வாங்கிக்கொண்டார்.