செத்தது பெட்டியல்ல, கம்பி

கடந்த பருவ விடுமுறையில் கியா பார்ம் திரும்பியபோது எங்கள் பிளேஸ்டேஷன் 2 வாசலில் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது. "படம் ஆடுதுண்ணே, பெட்டி செத்துப்போச்சு" என்றான் தம்பி. பழைய சாமான் லாரிக்குப் போட முடிவாகியிருந்தது. 2015-இல் நான் யு.பி.எஸ்.ஆர். எழுதிய ஆண்டு, தோட்டத்தில் ஓவர்டைம் செய்த காசில் அப்பா பழையதாக வாங்கித் தந்தது அது. 2013 தொடக்கத்திலேயே அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. போனால் போனதுதான்.

செத்தது பெட்டியல்ல, கம்பி. தமிழ்ப்பள்ளியில் மின்கம்பி என்றேன், இடைநிலைப்பள்ளியில் வாயார் என்றேன், கடையில் கேபிள் என்கிறேன். மூன்று பெயர் தெரிந்தும் நல்லது எது என்று தெரியாமல் இருந்தேன்.

மஞ்சள் முனைக் கம்பி வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒன்றாகக் கலந்து அனுப்புகிறது. தொலைக்காட்சி அதைத் திரும்பப் பிரிக்க வேண்டும். சரியாகப் பிரியாதபோது எழுத்தின் ஓரங்களில் புள்ளிகள் ஊரும். பழைய குண்டுத் தொலைக்காட்சியில் இது கண்ணை உறுத்தவில்லை. 2019 அக்டோபரில் நாட்டில் அனலாக் ஒளிபரப்பு நின்றபோது பலரைப் போல நாங்களும் அதைத் தூக்கிப் போட்டோம். தட்டைத் திரையில் எல்லாக் குறையும் பெரிதாகத் தெரிகிறது. போதாததற்கு, எங்கள் மலைப் பனியில் முனைகள் பச்சை பூத்திருந்தன.

இணையத்தில் 'எச்.டி.' என்று விற்ற ஒன்றை வாங்கினேன். வந்தது தங்கமுலாம் பூசிய அதே மஞ்சள், வெள்ளை, சிவப்பு. முலாம் துருவைத் தடுக்கும், படத்தை மாற்றாது. அடுத்து பச்சை, நீலம், சிவப்பு முனைகள் கொண்ட கம்போனன்ட் கேபிள். இது சரியான வகைதான். வெளிச்சமும் நிறமும் தனித்தனியே போகும். ஆனால் திரையில் சாம்பல் கோடுகள் அலைந்தன. கத்தியால் கீறிப் பார்த்தேன். உள்ளே முடி போன்ற கம்பிகள், சுற்றிக் கவசம் எதுவுமே இல்லை! நல்ல கேபிளில் ஒவ்வொரு படச் சமிக்ஞைக்கும் பின்னல் உறையிட்ட 75 ஓம் கோஆக்சியல் கம்பி தனியாக இருக்கும். கையில் எடுத்தாலே தடிமன் தெரியும்.

கடைசியில் கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் அந்தக் கம்பியை மீட்டர் கணக்கில் வாங்கினேன். கெட்ட கேபிளின் பிளேஸ்டேஷன் முனையை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு, மின்பொறியியல் படிக்கும் நண்பன் பற்றவைத்துக் கொடுத்தான். செலவு, முன்பு வீணாக்கிய காசைவிடக் குறைவு. பெட்டியின் அமைப்பில் ஆர்.ஜி.பி.யிலிருந்து கம்போனன்டுக்கு மாற்ற மறந்தால் நிறம் கெட்டுத் தெரியும். அதற்கும் கேபிளைத் திட்டுபவர்கள் உண்டு.

சூப்பர் ஃபேமிகாம் வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஜப்பானின் 21 ஊசி முனையும் ஐரோப்பிய ஸ்கார்ட்டும் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் உள் இணைப்பு வேறு. மாற்றிச் செருகாதீர்கள்.

இருபது ஆண்டுப் பழைய விளையாட்டுக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். நான் விளையாட்டுக்காக மட்டும் பேசவில்லை. பொருளைப் பிரித்துப் பார்க்காமல் மலிவானதையே இரண்டு முறை வாங்கி, பிறகு பெட்டி மேல் பழிபோடும் நம் பழக்கம் எனக்கு எரிச்சலூட்டுகிறது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

லாரி வந்தபோது பெட்டி உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. வெட்டிப்போட்ட முடிக்கம்பிகளை அப்பா எடுத்துக்கொண்டார், தக்காளிக் கொடி கட்ட.