பாஸ் ஆன சோதனை எதைப் பார்த்தது?

2024 ஜூலை 19 அன்று இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு சிறிய கோப்பு, உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கிப்போட்டது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த நிறுவனத்தில் தானியங்கிச் சோதனை இருந்தது, பாஸும் ஆகியிருந்தது. எப்படி என்பதை அந்த நிறுவனத்தின் அறிக்கையே விளக்குகிறது. கோப்பின் வடிவமைப்பில் 21 உள்ளீடுகள்; அதைப் படிக்கும் மென்பொருள் கொடுத்ததோ 20தான். சோதனைகளில் 21ஆவது இடத்தில் ‘எது வந்தாலும் சரி’ என்ற குறியே இருந்ததால், இல்லாத அந்த உள்ளீட்டை எந்தச் சோதனையும் தொடவில்லை. அன்று வந்த கோப்பு தொட்டது. அந்த இடத்தில் ஒரு குறிப்பிட்ட மதிப்பை வைத்து ஒரே ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால், ஆய்வகத்திலேயே கணினி விழுந்திருக்கும்.

சோதனைத் தானியக்கத்தில் எவ்வளவு முதிர்ந்திருக்கிறோம் என்று கேட்டால், நிறுவனங்கள் சோதனை ஸ்கிரிப்டுகளின் எண்ணிக்கையையும், நிரலில் எவ்வளவு பகுதி சோதனையில் ஓடியது என்று சொல்லும் கவரேஜ் சதவீதத்தையும் காட்டுகின்றன. இந்த எண்களை நம்பி முதிர்ச்சியை முடிவு செய்வது தவறு என்பதே என் கருத்து. வங்கிச் செயலியில் வட்டி கணக்கிடும் வரி ஓடியதா என்பது ஒரு கேள்வி. வந்த வட்டி சரிதானா என்பது வேறு கேள்வி. கவரேஜ் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். இரண்டாவதற்குப் பதில் வேண்டுமென்றால் நிரலில் வேண்டுமென்றே பிழையை நுழைக்க வேண்டும்: கூட்டலைக் கழித்தலாக்கி, சோதனை ஃபெயில் ஆகிறதா என்று பார்க்க வேண்டும். ரிச்சர்ட் லிப்டன் 1971இலேயே முன்வைத்த யோசனை இது. சோதனை ஃபெயில் ஆனால், அந்த முடிவை நம்பவும் முடிய வேண்டும். கூகுளின் சோதனைகளிலேயே ஏறத்தாழ 16 சதவீதம், நிரல் மாறாமலே ஒருமுறை பாஸ், மறுமுறை ஃபெயில் என்று தடுமாறுபவை என 2016இல் அந்த நிறுவனம் சொன்னது. இப்படித் தடுமாறும் சோதனை உண்மையான பிழையைக் காட்டும்போதும், ‘திரும்ப ஓட்டு, சரியாகிவிடும்’ என்று குழு கடந்துபோகும்.

நிர்வாகத்துக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது ஓர் அளவுகோல் வேண்டாமா என்பார்கள். வேண்டும். சோதனை முதிர்ச்சியை அளக்கும் டிஎம்எம்ஐ (TMMi) போன்ற ஐந்து நிலை அளவுகோல்கள் ஒழுங்கில்லாத குழுவுக்கு ஒழுங்கைக் கற்றுத் தருகின்றன. அந்தப் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால், அவை பெரிதும் செயல்முறையைத்தான் எடைபோடுகின்றன. பிழை நுழைத்துப் பார்க்க நேரமும் கணினித் திறனும் அதிகம் செலவாகும் என்பதும் நியாயமான வாதம்தான். அதனால்தான் எல்லா இடத்திலும் செய்யச் சொல்லவில்லை. பணமும் உயிரும் சம்பந்தப்பட்ட பகுதிகளிலாவது செய்யுங்கள். அடுத்த மதிப்பீட்டுக் கூட்டத்தில் சதவீதத்தைக் கேட்பதற்கு முன், கடந்த மூன்று மாதங்களில் வாடிக்கையாளர்கள் கண்டுபிடித்த பிழைகளின் பட்டியலைக் கேளுங்கள். ஒவ்வொன்றையும் நம் சோதனை ஏன் தவறவிட்டது என்று குழுவோடு உட்கார்ந்து பாருங்கள்.