பிழை விழும் இடமும் பிறக்கும் இடமும்

சங்கரன்கோவில் பக்கம் பழைய மடிக்கணினிகளுக்கு லினக்ஸ் ஏற்றித் தருபவர்களுக்கு ரியல்டெக் டாங்கிள் புதிதல்ல. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு வந்தது. டெபியனை அடித்தளமாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கியது அது. இத்தகைய பழைய கணினிகளில் வைஃபை செத்துப்போனால் ஒரு யு.எஸ்.பி. டாங்கிளை வாங்கிச் செருகுவதுதான் மலிவான வழி. அதற்கான டிரைவர் கர்னலில் இல்லையென்றால் மூலநிரலை இறக்கி, நாமே மாட்யூலாகக் கம்பைல் செய்ய வேண்டும். தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

டிரைவரோடு வரும் குறிப்புகள் பலவும் கூசாமல் ‘சூடோ மேக்’ அடிக்கச் சொல்கின்றன. அடித்ததும் ‘நோ ரூல் டு மேக் டார்கெட்’ என்று திரை கத்துகிறது. இல்லாத கோப்பு என்று அது காட்டுவது ‘சிஸ்கால்_32.டிபிஎல்’. டாங்கிளுக்கும் 32-பிட் சிஸ்டம் கால் பட்டியலுக்கும் என்ன உறவு? ஹெடர் தொகுப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அதை நீக்குவார்கள், திரும்பப் போடுவார்கள். பிழை அப்படியே நிற்கும். சிலர் கர்னலையே மாற்றிப் பார்ப்பதும் உண்டு.

உண்மையில் ஹெடரில் ஒரு குறையும் இல்லை. மாட்யூல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதை ‘எம்’ என்ற மாறி வழியாகத்தான் கர்னலின் மேக்ஃபைலுக்குச் சொல்கிறோம். பலர் அதற்கு ‘பி.டபிள்யூ.டி.’யின் மதிப்பைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த மதிப்பை வைத்திருப்பது ஷெல். சூடோவோ பாதுகாப்புக் கருதி, ஷெல் கொடுத்த சூழல் மாறிகளில் பெரும்பாலானவற்றைத் துடைத்துவிட்டே மேக்கைக் கிளப்புகிறது. ‘எம்’ வெறுமையாகிவிடுகிறது. வெளி மாட்யூல் ஒன்று காத்திருப்பது தெரியாத மேக், முழுக் கர்னலையும் கட்டப் புறப்படுகிறது. ஹெடர் தொகுப்பில் கர்னலின் மூலநிரல் முழுதாக இருக்காது என்பதால், முதலில் தட்டுப்படாத கோப்பின் பெயரைச் சொல்லி நின்றுவிடுகிறது. மேக் தானாகவே நிரப்பும் ‘கர்டிர்’ மாறியைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. அதைவிட நல்லது, கம்பைலைச் சாதாரணப் பயனராகவே முடித்துவிட்டு, நிறுவும்போது மட்டும் சூடோவைத் தொடுவது. மாணவர்களுக்கான ஆய்வகக் கையேடுகளில் ‘சூடோ மேக்’ இன்னும் இருந்தால் அந்த வரியை அடித்துவிட வேண்டும் என்பதே இந்த இதழின் கருத்து.

2024 தொடக்கத்தில் நடந்தது இன்னொரு ரகம். உபுண்டு 22.04-க்கு 6.5 கர்னல் வந்திறங்கியதும் என்விடியா உள்ளிட்ட பல மாட்யூல்கள் கம்பைல் ஆக மறுத்தன. ‘எஃப்-டிரிவியல்-ஆட்டோ-வார்-இனிட்’ என்ற ஆப்ஷன் தனக்குத் தெரியாது என்றது ஜி.சி.சி. பழி டிரைவர் மேல் விழுந்தது. ஆனால் அந்த ஆப்ஷனை டிரைவர் கேட்கவே இல்லை. புதிய கர்னலைக் கட்டியது ஜி.சி.சி. 12, கணினியில் வழக்கமாக இருந்தது 11. கர்னல் கட்டப்பட்டபோது எழுதிவைக்கப்பட்ட அமைப்புகள்தாம் பழைய கம்பைலரிடம் அப்படியே நீட்டப்பட்டன. இதைச் சொல்லும் எச்சரிக்கை சில வரிகள் மேலேயே இருந்தது: கர்னலைக் கட்டிய கம்பைலரும் இப்போதுள்ளதும் வேறு வேறு. எச்சரிக்கைதானே என்று கண் தாண்டிப் போய்விட்டது. ஜி.சி.சி. 12-ஐ நிறுவியதும் சிக்கல் தீர்ந்தது.

2025-இல் வந்த 6.15 கர்னல் இன்னும் பொல்லாதது. ‘எக்ஸ்ட்ரா_சிஃபிளாக்ஸ்’ என்ற பழைய மாறிக்கு அது ஆதரவை நிறுத்தியது. அதற்குப் பதில் ‘சிசிஃபிளாக்ஸ்-ஒய்’ வந்து வெகுகாலம் ஆனபோதும், பழைய ரியல்டெக் மேக்ஃபைல்கள் ஹெடர் தேட வேண்டிய பாதையைப் பழைய மாறியில்தான் வைத்திருந்தன. ‘இந்த மாறி இனி செல்லாது’ என்று யாரும் சொல்வதில்லை. ஹெடர் கோப்பைக் காணோம் என்று மட்டும் பிழை வரும். போய்ப் பார்த்தால் கோப்பு அதே ஃபோல்டரில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கும்.

கம்பைல் ஆகி, மாட்யூலை ஏற்றும்போது வரும் பிழைகள் வேறு வகை. அறிமுகமில்லாத சிம்பல், அறிமுகமில்லாத பாராமீட்டர் என இரண்டு கோளாறுகளுக்குக் கர்னல் ஒரே எண்ணைத் திருப்பி அனுப்பிவந்தது. மோட்புரோபும் ‘இதுவோ அதுவோ’ என்று இரண்டையும் சேர்த்தே சொல்லி, டிமெசெஜைப் பார்க்கச் சொல்லும். எந்தச் சிம்பல் என்பது அங்கேதான் இருக்கும். ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்றால் பெரும்பாலும் செக்யூர் பூட், மாட்யூலில் இருக்கும் கையொப்பத்தை ஏற்கவில்லை, அல்லது கையொப்பமே இல்லை. நெட்வொர்க் சர்வீஸ் எதையும் தேடி அலைய வேண்டாம்.

டி.கே.எம்.எஸ். வழியாகக் கம்பைல் செய்பவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது ‘பேட் ரிட்டர்ன் ஸ்டேட்டஸ்’ என்ற ஒற்றை வரி. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அந்த மாட்யூலின் பில்டு ஃபோல்டரில் இருக்கும் ‘மேக்.லாக்’ கோப்பைத் திறந்து, ‘எரர்’ என்ற சொல் முதன்முதலில் எங்கே வருகிறது என்று மேலிருந்து தேட வேண்டும். பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடியதால் வரிகள் கலந்துகிடந்தால் ‘மேக் -ஜே1 வி=1’ என்று ஒரு தடவை ஓட்டினால் போதும்: எந்தக் கட்டளை, எந்த ஆப்ஷன்களோடு ஓடி விழுந்தது என்பது வரிசையாகத் தெரிந்துவிடும்.

இனி ஐயம் கேட்டு இந்த இதழுக்கு எழுதுபவர்கள் கடைசிப் பத்து வரிகளைப் படம் எடுத்து அனுப்பாமல், முதல் பிழையையும் அதற்கு மேலே உள்ள எச்சரிக்கைகளையும் ‘யூநேம் -ஆர்’ காட்டும் எண்ணையும் ஜி.சி.சி. பதிப்பையும் எழுத்தாகவே அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்.