மிதிப்போர் மீது இன்னொரு வரியா?

நகரங்களிலே துவிச்சக்கர வண்டிகளுக்கெனத் தனிப் பாதைகள் வேண்டும் என்ற கோரிக்கை, நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின்னரே பலர் காதில் விழலாயிற்று. அவ்வாண்டின் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் யூன் இறுதியில் 470 ரூபாவாயிற்று. பின்னர் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. மோட்டார் வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையில் உறங்கின. துவிச்சக்கர வண்டியை ஏழையின் அடையாளமென எள்ளியவர்கள் தாமும் அதன் மீதேறி அலுவலகம் சென்றனர். அன்று அதனை மெச்சாத வாயில்லை. நெருக்கடி சற்றே தணிந்ததும் அதே வாய்கள் வேறொன்று பேசத் தொடங்கியுள்ளன. பாதை அமைப்பது நல்லதுதான். ஆனால் அதன் செலவில் ஒரு பங்கினை அதிற் செல்வோரே ஏற்கட்டும் என்பதே அப்பேச்சு. மோட்டார் வாகனக்காரர் அனுமதிப்பத்திரத்துக்குப் பணம் கட்டுகின்றனர், எரிபொருளுக்கு வரி செலுத்துகின்றனர், துவிச்சக்கர வண்டிக்காரர் மட்டும் எதுவும் கொடாமல் வீதியை அனுபவிக்கலாமா என்பது அவர்தம் வினா.

மேலோட்டமாக நோக்கின் இது நியாயம் போலத் தோன்றும். எம் ஆசிரிய நண்பர் சிலரும் இதற்குத் தலையசைக்கின்றனர். ஆதலின் இதனைச் சிறிது ஆழமாக ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, துவிச்சக்கர வண்டி ஓட்டுவோர் எதுவும் கொடுப்பதில்லை என்பது பொய். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, மொனராகலை, பொத்துவில் வழியாக மட்டக்களப்பு செல்லும் ஏ4 வீதி எங்கள் கோமாரியை ஊடறுத்துச் செல்கின்றது. இதனைப் பராமரிப்பது வீதி அபிவிருத்தி அதிகார சபை. அதற்கான பணம் மத்திய திறைசேரியிலிருந்தும் வெளிநாட்டுக் கடன்களிலிருந்தும் வருவது. மோட்டார் வாகனக்காரர் பெருமையோடு காட்டும் வருமான அனுமதிப்பத்திரக் கட்டணமோ மாகாண சபைக்குச் செல்வது. அஃது இவ்வீதிக்கென வசூலிக்கப்படுவதன்று. திறைசேரியை நிரப்புவோர் யார்? நம் நாட்டு வரி வருமானத்தின் பெரும்பகுதி மறைமுக வரிகளே என்பதை யாவரும் அறிவர். 2022இன் தொடக்கத்தில் நூற்றுக்கு 8 வீதமாக இருந்த பெறுமதி சேர் வரி, 2024 சனவரியில் 18 வீதமாக உயர்ந்தது. மீன்பெட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டு விடியலில் புறப்படும் வியாபாரி, தான் வாங்கும் சவர்க்காரத்திலும் செருப்பிலும் அவ்வரியைச் செலுத்துகிறார். காரில் வருபவர் செலுத்துவதும் அதே 18 வீதந்தான். ஆயின் நாட்கூலியிலிருந்து போகும் 18 வீதமும் மாடிவீட்டு வருமானத்திலிருந்து போகும் 18 வீதமும் ஒன்றாகுமா? கடன் வாங்கி விரித்த தாருக்கு, அந்தத் தாரின் விளிம்பில் ஒதுங்கிப் போகின்ற மனிதரும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார் என்பதே உண்மை.

இரண்டாவது, வீதியைத் தேய்ப்போர் யார் என்ற கேள்வி. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் வாகனங்களை இடைவிடாது ஓட்டி நடத்திய பெரும் பரிசோதனையிலிருந்து பொறியியலாளர் ஓர் அண்ணளவான விதியை வகுத்தனர். வீதிக்கு ஏற்படும் சேதம், அச்சின் பாரம் கூடும் அளவிற்கு மட்டும் கூடுவதன்று; அதன் நான்காம் அடுக்காகக் கூடுவது. ஆளும் வண்டியுமாக நூறு கிலோ எடையுள்ள துவிச்சக்கர வண்டியையும், ஆயிரம் கிலோ எடையுள்ள சிறு காரையும் ஒப்பிடுவோம். பாரம் பத்து மடங்கு. சேதமோ பத்தாயிரம் மடங்கு. தேய்மானத்துக்கெனக் கார்க்காரர் பத்தாயிரம் ரூபா செலுத்துவாராயின், துவிச்சக்கர வண்டிக்காரர் செலுத்த வேண்டியது ஒரு ரூபா. மணலும் கருங்கல்லும் ஏற்றிச் செல்லும் பாரவண்டியை இக்கணக்கிற் சேர்த்தால் எண்களை எழுத இடம் போதாது. பயன்படுத்துவோரே கட்டணம் செலுத்தட்டும் என்பவர்கள் இந்தக் கணக்கை நேர்மையாகப் போட்டுப் பார்ப்பார்களா?

தேய்மானத்தை விடுங்கள், தனிப் பாதை என்பது தனிச் செலவல்லவா என்று அவர்கள் திருப்பிக் கேட்கலாம். இங்கேதான் வாதத்தின் வேர் இருக்கின்றது. தனிப் பாதை எதற்காகத் தேவைப்படுகின்றது? துவிச்சக்கர வண்டிக்குத் தார் மெழுகிய அகன்ற வீதி ஒருபோதும் தேவைப்பட்டதில்லை. வயல் வரம்பு போதும். கடற்கரை மணலில் இறுகிய ஒற்றையடித் தடம் போதும். வேகமும் பாரமும் மிகுந்த வாகனங்கள் வீதியைத் தமதாக்கிக்கொண்டமையாலேயே, அவற்றினின்று உயிரைக் காத்துக்கொள்ள ஒரு தனித் தடம் வேண்டியிருக்கின்றது. அபாயத்தை உண்டாக்குபவர் ஒருவர். அதனின்று ஒதுங்கி நிற்பதற்கு விலை கொடுப்பவர் இன்னொருவரா? பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் வீதியைக் கடக்க வெள்ளைக்கோடு கீறுகிறோம். அதற்காகப் பிள்ளைகளிடம் காசு கேட்கிறோமா? நடைபாதைக்கு நடப்போரிடம் கட்டணம் அறவிடுகிறோமா?

வீதிச் செலவை ஏழைகள் தலையில் ஏற்றுவது இந்நாட்டில் புதிய கதையுமன்று. 1848ஆம் ஆண்டு ஆங்கில ஆட்சி கொண்டுவந்த வீதிக் கட்டளைச் சட்டம், 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், அன்றேல் பணம் கட்டவேண்டும் என்றது. தோட்ட முதலாளியும் ஆறு நாள், ஓலைக் குடிசையில் வாழ்ந்தவரும் ஆறு நாள். எத்துணை சமத்துவம்! கோப்பி மூடைகள் மலையிலிருந்து இறங்க வீதி வேண்டும். கோப்பியைக் கண்ணாலும் காணாத உழவர் அதற்கு வியர்வை சிந்த வேண்டும். அவ்வாண்டு மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு இத்தகைய வரிகளும் ஒரு காரணமாயின. சமமற்றவர்களிடம் சமமாகப் பறிப்பதற்கு நியாயம் என்று பெயர் சூட்டும் வித்தை அன்றே தொடங்கிவிட்டது.

இன்னுமோர் உண்மையைச் சொல்ல வேண்டும். புதிதாக வரி கேட்போர், பழைய வரி ஏற்கெனவே சட்டத்தில் இருப்பதை மறந்துவிட்டனர். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் கீழ், வாகனங்களுக்கும் விலங்குகளுக்கும் ஆண்டு வரி விதிக்கும் அதிகாரம் சபைகளுக்கு உண்டு. சபைகள் வர்த்தமானியில் வெளியிடும் அட்டவணையைப் பாருங்கள். வியாபாரத்துக்குப் பயன்படும் துவிச்சக்கர வண்டிக்கு 18 ரூபா, ஏனைய தேவைக்கு 4 ரூபா, குதிரைக்கு 15 ரூபா, யானைக்கு 50 ரூபா! மூன்று மீன் வியாபாரிகளின் வண்டிகள் சேர்ந்தால் ஒரு யானையை விஞ்சுகின்றன. மாலை வேளையில் காற்று வாங்கச் செல்பவருக்கு 4 ரூபா. வயிற்றுப்பாட்டுக்காக மிதிப்பவருக்கு அதன் நாலரை மடங்கு. தொகை அற்பமே, இன்று பல இடங்களில் அதை அறவிடும் செலவுக்கே அது காணாது. ஆனால் அதன் தத்துவம் அற்பமன்று. உழைப்பின் கருவியையே குறிவைத்து விதித்த வரி அது. உரிமத் தகடு பூட்டி ஓடிய காலத்திலாவது எங்கள் கரையோரத்தில் ஒரு முழத் தனிப்பாதை போட்டதுண்டா?

நல்லெண்ணமுடைய நண்பர் சிலர் வேறொரு நியாயம் கூறுவர். சிறு தொகையேனும் கொடுத்தால் அதிகாரத்தோடு உரிமை கேட்கலாமே, கொடாதவரின் குரலை யார் மதிப்பார் என்பர். அவர்களுக்கு ஒல்லாந்து நாட்டின் வரலாறே மறுமொழி. இன்று துவிச்சக்கர வண்டிகளின் தாயகமெனப் போற்றப்படும் அந்நாட்டில் 1924இல் வண்டி ஒன்றுக்கு ஆண்டுக்கு மூன்று கில்டர் வரி விதித்தனர். கட்டியவருக்கு ஓர் உலோகத் தகடு. கட்ட வழியற்ற ஏழைக்கு இலவசத் தகடு. ஆனால் அதன் நடுவே ஒரு துளை. வறுமையைத் துளையிட்டு ஊரறியக் காட்டிய அரசாங்கம் அது! 1941இல் அவ்வரி நீங்கியது. இன்று உலகம் வியக்கும் பாதை வலையமைப்புப் பெரிதும் வளர்ந்ததோ 1970களுக்குப் பின்னர். 1971இல் அங்கே வீதி விபத்துக்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் நானூறுக்கும் மேற்பட்டோர் சிறுவர். பெற்றோர் தெருவுக்கு வந்தனர், மக்கள் இயக்கம் எழுந்தது, அரசாங்கம் பொதுப் பணத்தில் பாதை போட்டது. பெற்றுத் தந்தது போராட்டம், பற்றுச்சீட்டு அன்று.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய பக்கம் ஒன்றுண்டு. கனடாவின் ரொறன்ரோ நகரம் 1935இல் கொண்டுவந்த துவிச்சக்கர வண்டி உரிமத்தை 1957இல் கைவிட்டது. இளம் பிள்ளைகள் அறியாமலே சட்டத்தை மீறியோராவதும், அவர்களுக்கும் பொலிசாருக்கும் இடையே மனக்கசப்பு விளைவதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்பித்தது. பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் முதன்முறையாகத் தம் விருப்பப்படி ஊர்விட்டு ஊர் சென்றனர். 2006இல் பீகார் அரசு ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. இடைநிலைக் கல்வியிற் சேரும் மாணவியர் தொகை ஏறத்தாழ 30 வீதம் உயர்ந்ததாக ஆய்வாளர் கண்டனர். திருக்கோவிலிலும் பொத்துவிலிலும் உள்ள வகுப்புகளுக்கு மிதித்துச் செல்லும் எங்கள் பிள்ளைகளுக்கு அவ்வண்டி விளையாட்டுப் பொருளன்று. அது கல்வியின் கால். காலுக்கு வரி விதிக்கும் சமுதாயத்தை என்னவென்பது?

ஒரு எச்சரிக்கையும் அவசியம். பாதை என்ற பெயரில் தலைநகரின் ஏரிக்கரையில் அலங்காரக் கோடுகள் வரைந்து, ஞாயிறு காலையில் காரின் பின்னே கட்டிவந்த விலையுயர்ந்த வண்டிகளை இறக்கி ஓட்டுவதற்கு வசதி செய்வதாயின், அது எமது கோரிக்கையன்று. உழைப்போர் மிதிக்கும் இடத்திலேயே பாதை தொடங்க வேண்டும். அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என்று தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இக்கரையோரத்தில், கடைத்தெருவும் பாடசாலையும் பள்ளிவாசலும் கோயிலும் அந்த ஒரே வீதியை அண்டியே இருக்கின்றன. இரு சமூகத்துப் பிள்ளைகளும் அதே பாரவண்டிக்கு அஞ்சியே ஓரம் ஒதுங்குகின்றனர். இந்த அபாயத்துக்கு இனமில்லை, மதமில்லை. இதனை எதிர்க்கும் குரலுக்கும் அவை வேண்டா.

ஆதலின் நாம் கேட்பன தெளிவானவை. பிரதேச சபைகள் துவிச்சக்கர வண்டி மீதான வரித் தீர்மானத்தை நிறைவேற்றாது விடட்டும். பாராளுமன்றம் அந்த வரியைச் சட்டத்திலிருந்தே நீக்கட்டும். எரிபொருள் வரியிலும் வாகன இறக்குமதித் தீர்வையிலும் ஒரு பங்கு பாதைகளுக்கென ஒதுக்கப்படட்டும். ஏ4 வீதியின் இரு மருங்கிலும், முதலிற் பாடசாலைகளை அண்டிய பகுதிகளில், மணலும் பள்ளமும் அற்ற, வாகனம் நிறுத்தத் தடைசெய்யப்பட்ட தடம் அமையட்டும். உள்ளூராட்சி மன்றங்களின் முன் இவற்றை வைக்க வேண்டியவர்கள் ஆசிரியரும் மாணவருமே.

மிதிப்போர் கேட்பது சலுகையன்று. அவர்கள் முன்னரே கொடுத்துவிட்டனர். சவர்க்காரத்தில் கொடுத்தனர், செருப்பில் கொடுத்தனர், வீதியோரத்தில் உயிராகவும் கொடுத்தனர். கொடுபடாத கடன் அரசாங்கத்திடமே நிலுவையாக இருக்கின்றது. கடன்காரரே கடன் கொடுத்தவரிடம் கட்டணம் கேட்பதை இனியும் நியாயம் என்று நம் வகுப்பறைகளில் யாரும் சொல்லாதிருக்கட்டும்.