அமைதியைத் தேடாமல் உடலைக் கவனியுங்கள்

கைபேசியில் ஒரு குரல் நிதானமாகச் சொல்லச் சொல்ல, கால்விரலிலிருந்து உச்சந்தலை வரை கவனத்தை நகர்த்திச் செல்லும் பாடி ஸ்கேன் தியானம் இன்று பலருக்கும் அறிமுகமாகிவிட்டது. தமிழிலும் ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன. ஆர்வத்தோடு தொடங்கிச் சில நாட்களில் விட்டுவிடுபவர்களிடம் காரணம் கேட்டால், மூன்று பதில்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. “மனசு எங்கெங்கோ ஓடுது”, “பாதியிலேயே தூங்கிடறேன்”, “எனக்கு ஒண்ணுமே தெரியலை.” இந்த மூன்றையும் அவர்கள் தோல்வி என்று எண்ணிக்கொள்கிறார்கள். பயிற்சி எதற்காக ஏற்பட்டது என்று தெரிந்துவிட்டால் அந்த எண்ணம் விலகும்.

செய்ய வேண்டியது மிக எளிது. உடலின் ஒரு பகுதியில் இந்தக் கணத்தில் என்ன உணர்வு இருக்கிறது என்று பார்க்கிறோம். சூடாக இருக்கலாம், குளிர்ச்சியாக இருக்கலாம். அரிப்பு, துடிப்பு, துணி உரசுவது, குதிகாலைத் தரை அழுத்துவது, வலி, எதுவுமே தெரியாத வெறுமை என எதுவாகவும் இருக்கலாம். இருப்பதை அப்படியே அறிந்துகொண்டு அடுத்த பகுதிக்குப் போகிறோம். எதையும் மாற்ற வேண்டியதில்லை.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. தசைகளைத் தளர்த்துவதற்கென்றே வேறு பயிற்சிகள் இருக்கின்றன. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன், தசைகளை இறுக்கிப் பின் தளர்த்தும் தன் முறையை 1929இல் நூலாக வெளியிட்டார். வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சி ‘உடல் தளர்த்தலில்’தான் முடிகிறது. இவை நல்ல பயிற்சிகள். இவற்றின் இலக்கு தளர்வு. பாடி ஸ்கேனின் இலக்கு அறிதல். சந்தையில் கிடைக்கும் பல ஒலிப்பதிவுகள் இரண்டையும் கலந்துவிடுகின்றன. “இப்போது உங்கள் தோள்கள் லேசாகிவிட்டன” என்று குரல் சொல்ல, தோள் கல்லாகக் கனத்துக்கொண்டிருந்தால், கேட்பவர் தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று முடிவுசெய்கிறார்.

இதன் வேர் பௌத்த மரபில் இருக்கிறது. பர்மாவில் அரசின் தலைமைக் கணக்காளராகப் பணியாற்றிய ஊ பா கின், உடல் உணர்வுகளைத் தலை முதல் கால் வரை வரிசையாகக் கவனிக்கும் விபஸ்ஸனா முறையைக் கற்பித்தார். அவருடைய மாணவர் எஸ்.என்.கோயங்கா 1969இல் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். மகாராஷ்டிரத்தின் இகத்புரியிலும் சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்திலும் இன்று நடக்கும் பத்து நாள் முகாம்கள் அந்த வழியில் வந்தவை. இதே மரபிலிருந்து எடுத்துக்கொண்ட ஒரு வடிவத்தை, மூலக்கூறு உயிரியல் படித்த ஜான் கபாட்-ஜின் 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளிக்குள் கொண்டுசென்றார். அவருடைய எட்டு வாரப் பயிற்சித் திட்டத்தில் நோயாளிகள் முதலில் கற்பது பாடி ஸ்கேன்தான். படுத்தபடி சுமார் 45 நிமிடங்கள், இடது கால்விரல்களில் தொடங்கிச் செய்வது.

அங்கே வந்தவர்களில் பலர் தீராத வலியோடு வாழ்ந்தவர்கள். மருத்துவத்தால் செய்ய முடிந்ததெல்லாம் செய்து முடிக்கப்பட்டவர்கள். வலியைப் போக்கித் தருகிறேன் என்று அவர்களிடம் சொல்ல முடியாது. முதுகில் இருக்கும் வலி ஒன்று. ‘இனி வாழ்நாள் முழுக்க இப்படித்தானா’ என்று அதன்மேல் ஏறி உட்காரும் பயம் வேறொன்று. இரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொடுப்பதே நோக்கமாக இருந்தது. அமைதி வாக்குறுதியாக வைக்கப்படவில்லை. பிரித்தறியப் பழகியவர்களுக்கு அது பின்தொடர்ந்து வந்தது.

இனி அந்த மூன்று குறைகளுக்கு வருவோம். ‘ஒன்றும் தெரியவில்லை’ என்பதற்கு உடலமைப்பிலேயே விடை இருக்கிறது. கனடாவின் மான்ட்ரியலில் மூளை அறுவை சிகிச்சை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்டு, உடலின் எந்தப் பகுதியை மூளையின் எந்த இடம் உணர்கிறது என்ற வரைபடத்தை 1937இல் வெளியிட்டார். அதில் உதடுகளும் விரல்களும் மிகப் பெரிய இடத்தைப் பிடித்திருந்தன. முதுகுக்குக் கிடைத்தது சிறிய இடம். விரல் நுனியில் 2, 3 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு முனைகள் பட்டாலே இரண்டாகத் தெரியும். முதுகில் சுமார் 40 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால்தான் அப்படித் தெரியும். எனவே முழங்காலிலோ முதுகிலோ ஒன்றும் தெரியாதது இயல்பு. ‘தெரியவில்லை’ என்று அறிவதும் கவனிப்புதான்.

மனம் ஓடுவதும் அப்படியே. கையில் வேலை இல்லாதபோது மனம் நேற்றையும் நாளையையும் சுற்றுவது மூளையின் இயல்பான போக்கு. உடல் உணர்வோ இப்போது மட்டுமே கிடைக்கும்; நாளைய கால்வலியை இன்று உணர முடியாது. ஆகவே உடலுக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் கவலையின் பிடி சற்று நழுவுகிறது. இருபது முறை மனம் ஓடி இருபது முறை திரும்பினால், இருபது முறை பயிற்சி நடந்திருக்கிறது. அசையாமல் படுத்திருப்பதும் மெதுவாக வெளிவிடும் மூச்சும் வேகஸ் நரம்பின் வழியே இதயத் துடிப்பைக் குறைக்கின்றன. இது தானாக நடக்க வேண்டும். ‘அமைதி வந்துவிட்டதா’ என்று சோதித்துக்கொண்டே இருந்தால், தூக்கத்தை வரவழைக்கப் பாடுபடுகிறவருக்குத் தூக்கம் வராததுபோல அதுவும் தள்ளிப்போகும்.

தூங்கிவிடுகிறீர்கள் என்றால், உடலுக்குத் தூக்கம் பாக்கியிருக்கிறது என்று பொருள். அந்தப் பாக்கியை இரவில் தீருங்கள். பயிற்சியைக் காலையில், நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணைப் பாதி திறந்து செய்யுங்கள். தொடக்கத்தில் இருபது நிமிடம் போதும். படுத்துச் செய்தால் பாய் விரித்த தரை நல்லது. முதுகு வலிப்பவர்கள் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்ளலாம். ‘கவனியுங்கள்’ என்று சொல்லிவிட்டுக் கவனிக்க நேரமும் தருகிற குரலைத் தேர்ந்தெடுங்கள். பழகிய பிறகு குரல் இல்லாமலும் செய்து பாருங்கள். குரலைச் சார்ந்தே இருந்தால் அது கேட்காத இடத்தில் பயிற்சி உதவாது.

குரல் கேட்காத இடங்களில்தான் இது நமக்குத் தேவைப்படுகிறது. மேலதிகாரியின் குறுஞ்செய்தியைப் படிக்கும்போது தாடை இறுகுகிறது. பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்க்கும்போது வயிறு சுருங்குகிறது. சிக்னலில் பின்னாலிருந்து ஹாரன் அடித்தால் தோள் காதை நோக்கி ஏறுகிறது. பல நேரங்களில் சொல் வெளிவருவதற்கு முன்பே உடல் இப்படி அறிவித்துவிடுகிறது. பயிற்சி இல்லாதபோது அந்த அறிவிப்பு நமக்கு எட்டுவதில்லை. கத்தி முடித்த பிறகுதான் கோபம் வந்தது தெரிகிறது. தாடை, தோள், வயிறு என மூன்று இடங்களை மட்டும் அரை நிமிடம் பார்க்கப் பழகினால், அறிவிப்புக்கும் பேச்சுக்கும் நடுவில் ஒரு மூச்சளவு இடம் கிடைக்கும். அந்த இடத்தில் வேறு பதிலைத் தேர்ந்தெடுக்க முடியும்.

ஆய்வுகள் சொல்வதை மிகைப்படுத்தாமல் எடுத்துக்கொள்வோம். 47 ஆய்வுகளையும் 3,515 பேரையும் உள்ளடக்கி 2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, தியானப் பயிற்சிகளால் பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் மிதமான பலன் இருப்பதாகக் கண்டது. உடற்பயிற்சியையோ மருந்தையோ விட மேலானது என்பதற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. பதற்ற நோய் உள்ளவர்களிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், எட்டு வாரப் பயிற்சி எஸ்சிட்டலோபிராம் மாத்திரைக்குக் குறையாத பலனைத் தந்தது. அது ஆசிரியரோடு, குழுவாக நடந்த முழுப் பயிற்சி. கைபேசிப் பதிவை நம்பி மாத்திரையை யாரும் தாமாக நிறுத்தக் கூடாது.

கொடிய அனுபவங்களைத் தாண்டி வந்த சிலருக்கு, உடலுக்குள் பார்ப்பது பயத்தைக் கூட்டக்கூடும். அவர்கள் கண்ணைத் திறந்து, பாதம் தரையில் படுவதை மட்டும் உணர்ந்து, பயிற்சியை நிறுத்திவிடலாம். மனநல ஆலோசகரின் துணையோடு பின்னர் தொடரலாம்; அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416. நெஞ்சு வலி இடது கைக்குப் பரவினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது தியானத்துக்கான நேரம் அல்ல.

எட்டு வாரம் செய்து பாருங்கள். ஒவ்வொரு நாளும் எவ்வளவு அமைதி கிடைத்தது என்று மதிப்பெண் போடாதீர்கள். எட்டு வாரம் முடிந்ததும் வீட்டில் இருப்பவர்களிடம், “என் கோபத்தில், பேச்சில் ஏதாவது மாற்றம் தெரிகிறதா?” என்று கேளுங்கள். பயிற்சியின் பலனைப் பாயில் படுத்திருந்த நம்மைவிட, நம்மோடு வாழ்கிறவர்களே சரியாகச் சொல்வார்கள்.